அவெஞ்சருக்கு ஸ்பிறிங்கர் போர்க்: வாங்க முன்னம் எதையெதை அளக்க வேணும்?

சுன்னாகம் ரைடர்:

வணக்கம் அண்ணைமார். பஜாஜ் அவெஞ்சர் 220 ஒண்டை பொபர் (தேவையில்லாத பாகங்களைக் கழட்டின மொட்டை வண்டி) மாதிரி மாத்துற வேலை நடக்குது. பின்பக்கம் முடிஞ்சுது. முன் சில்லைப் பிடிக்கிற ரெலிஸ்கோப்பிக் போர்க்கைக் கழட்டிப்போட்டு ஸ்பிறிங்கர் (ஸ்பிறிங் வெளியில தெரியிற, ரெண்டு சோடிக் கால் உள்ள போர்க்) இல்லாட்டி கேர்டர் (மேலயும் கீழயும் இணைப்புகளில ஆடுற விறைப்பான சட்டம்) போட விருப்பம். ஹார்லிக்கெண்டு செய்த ஸ்பிறிங்கர் ஒண்டு கொழும்பில விலைக்கு இருக்கு, ஸ்ரெம் (கழுத்துக் குழாய்க்குள்ள போற தண்டு) ஒரு அங்குலம் எண்டு விக்கிறவர் சொல்லுறார்.

நான் அளந்தது: கழுத்துக் குழாயின் சரிவு 30 பாகை, இப்ப இருக்கிற போர்க்கின் ஓஃப்செற் (ஸ்ரெம் கோட்டில இருந்து அச்சு முன்னுக்குத் தள்ளி நிக்கிற தூரம்) 50 மி.மீ., முன் ரயர் 90/90-17, ரெண்டு அச்சுக்கும் இடையில 1480 மி.மீ.

கழுத்தை வெட்டி இன்னும் சரிக்க வேணுமா? எங்கட றோட்டுக்கு ஸ்பிறிங்கர் நல்லதா, கேர்டர் நல்லதா? பெயாரிங் பொருந்துமா? லேத் வேலை கோண்டாவிலில செய்விக்கலாம்.

கணக்கன்:

தம்பி, வடிவைப் பாக்க முன்னம் ட்ரெயிலைப் பாருங்கோ. கழுத்துக் குழாயின் கோட்டை நேரா நிலம் வரைக்கும் நீட்டினா அது ஒரு இடத்தில தொடும். முன் ரயர் நிலத்தில முட்டுற இடம் அதுக்குப் பின்னால இருக்கும். அந்த இடைவெளிதான் ட்ரெயில். கையை விட்டாலும் சில்லு நேராப் போறது அதாலதான்.

கணக்கு: சில்லின் ஆரத்தை சரிவின் ராஞ்சனால (tan) பெருக்குங்கோ. ஓஃப்செற்றை சரிவின் கோசைனாலப் பிரிச்சு அதில கழியுங்கோ. 90/90-17 ரயரின் ஆரம் 297 மி.மீ. 297 × 0.577 = 171. 50 ÷ 0.866 = 58. மிச்சம் 113, 114 மி.மீ. க்ரூசருக்கு 100க்கும் 150க்கும் இடையில இருந்தா நல்லம். இப்ப உங்கட வண்டி சரியான இடத்தில நிக்குது, அதைக் கெடுக்காமல் வேலையை முடிக்கிறதுதான் முழு விஷயமும்.

கழுத்தை வெட்டாதேங்கோ. 40 பாகைக்குச் சரிச்சு ஓஃப்செற்றை 50இலயே விட்டா ட்ரெயில் 184க்கு ஏறும், சந்தியில திருப்பேக்க ஹாண்டில் தன்பாட்டில உள்ளுக்கு விழும். பழைய 114க்குக் கொண்டுவர 104 மி.மீ. ஓஃப்செற் வேணும். அதோட பல வண்டிகளில சேசிஸ் இலக்கம் அடிச்சிருக்கிறது கழுத்துக் குழாயிலதான். அதில வெல்டிங் பட்டா வண்டிக்கு அடையாளமே இல்லாமல் போயிடும்.

இன்னொரு பிழை, கழுத்தைத் தொடாமல், போர்க் காலைப் பிடிக்கிற கிளாம்பை மட்டும் சரிவானதா வாங்கிப் போடுறது. 600 மி.மீ. நீளக் காலில 5 பாகை எண்டா அச்சு 52 மி.மீ. முன்னுக்குப் போகும். ஸ்ரியறிங் கோடு அசையாது. ட்ரெயில் 114இல இருந்து 54க்கு விழும். பார்வைக்கு நீட்டு சொப்பர், வேகம் எடுத்தா ஹாண்டில் உதறும்.

அந்த ஸ்பிறிங்கரை வாங்க முன்னம் ரெண்டு அளவு கேளுங்கோ. ஸ்ரெம்மின் நடுக் கோட்டில இருந்து அச்சு நடு வரைக்கும், அந்தக் கோட்டுக்குச் செங்குத்தா எவ்வளவு, கீழ்ப் பெயாரிங் இருக்கையில இருந்து அச்சு வரைக்கும் எவ்வளவு. ஸ்பிறிங்கரில ரொக்கர் (காலின் அடியில அச்சைப் பிடிச்சு ஆடுற சின்னக் கை) அசைய அச்சும் அசையும், அதால ஆள் ஏறி இருந்து அமிழ்ந்த நிலையில எடுத்த அளவுதான் கணக்கு.

பட்டறை அண்ணை:

பெயாரிங் விஷயம். ஹார்லி ஸ்ரெம் ஒரு அங்குலம் எண்டா 25.4 மி.மீ. எங்க கேட்டாலும் கிடைக்கிற 32005 ரேப்பர் ரோலர் 25 × 47 × 15. அந்த 0.4 மி.மீ. வித்தியாசத்தைச் சுத்தியலால அடிச்சு ஏத்தப் பாக்கிறவை இருக்கினம், உள் வளையம் வெடிக்கும். ஹார்லிக்குரிய எல்44643 பெயாரிங் உள் 25.4, வெளி 50.3. முதல்ல பழைய குண்டுப் பெயாரிங்கின் கப்பைத் தட்டி எடுத்து, கழுத்தின் துளையை வேர்னியரால மேலயும் கீழயும் ரெண்டு திசையில அளவுங்கோ. துளை 47க்கு கிட்ட எண்டா ஸ்ரெம்மின் இருக்கையை மட்டும் லேத்தில 25க்குக் கடையலாம். துளை பெரிசெண்டா உருக்கு வளையம் கடைஞ்சு இறுக்கமா அழுத்தி ஏத்த வேணும். ஸ்ரெம்மைக் கடையேக்க தோள் மூலையைக் கூர்மையா விடாதேங்கோ, சின்ன வளைவு இருக்கட்டும். வெடிப்பு ஆரம்பிக்கிறதே அந்தக் கூர் மூலையிலதான்.

ஸ்பிறிங்கரா கேர்டரா எண்டா, ஆயத்தமா ஒண்டு கையில கிடைக்குதெண்டா ஸ்பிறிங்கர். கேர்டரில நாலு ஸ்பின்டில், எட்டு புஸ். மேல் இணைப்பும் கீழ் இணைப்பும் ஒரு மி.மீ. பிழைச்சாலும் முறுகும். அதைப் பட்டறையில முழுசாச் செய்யலாம், ஆனா ஜிக் (பாகங்களை அளவாப் பிடிச்சு வைக்கிற சட்டம்) இல்லாமல் செய்யக் கூடாது. எதைச் செய்தாலும் தண்ணிக் குழாய் வேண்டாம். தையல் இல்லாத உருக்குக் குழாய் மட்டும்தான்.

ஸ்பிறிங்கரில கவனிக்க வேண்டிய இடம் ரொக்கர் புஸ். பொஸ்பர் வெண்கலம் போடுங்கோ, அழுத்தி ஏத்தினாப் பிறகு ரீமர் (துளையை அளவாச் சீவுற கருவி) விட்டு 0.03 இல இருந்து 0.05 மி.மீ. இடைவெளி வையுங்கோ. கிரீஸ் நிப்பிள் கட்டாயம். லேசெண்டு நைலோன் தடியில கடைவினம். நைலோன் ஈரம் குடிச்சு வீங்கும், மாரி வந்தா ரொக்கர் பிடிச்சுக்கொள்ளும்.

அடுத்தது பிறேக். கலிப்பரை நேரா ரொக்கரில பூட்டினா, பிறேக் பிடிக்கேக்க டிஸ்க் ரொக்கரையும் சுத்தப் பாக்கும், முன்பக்கம் அமிழாமல் மேல எழும்பி ஸ்பிறிங் விறைச்சுப் போகும். கலிப்பரை அச்சில சுயமா ஆடுற தகட்டில பூட்டி, அந்தத் தகட்டை ஒரு தடியால பின் காலோட கட்டுங்கோ. தடியின் ரெண்டு முனையிலும் உருண்டை மூட்டு. தடி ரொக்கருக்குச் சமாந்தரமாவும் அதே நீளத்திலயும் இருந்தா பிறேக் ஸ்பிறிங்கைத் தொந்தரவு செய்யாது.

சொக் (துள்ளலை அடக்குற உறிஞ்சி) இல்லாத ஸ்பிறிங்கர் எண்டா கிடங்கில விழுந்தாப் பிறகு ரெண்டு மூண்டு தரம் துள்ளும். ஹார்லி 1949இல இந்தப் போர்க்கைப் பெரிய வண்டிகளில விட்டு, 1988இல திருப்பிக் கொண்டு வரேக்க சின்னச் சொக் ஒண்டும் சேர்த்தது. எங்கட உள் ஒழுங்கைகளுக்கு அது இல்லாமல் சரிவராது.

சுன்னாகம் ரைடர்:

நன்றி அண்ணைமார். அவரிட்டக் கேட்டு அளவு எடுத்தன். ஓஃப்செற் 75, கால் என்ர பழைய போர்க்கின் அதே நீளம். ரொக்கர் திருகுப் புள்ளியில இருந்து அச்சு 80 மி.மீ., ஸ்பிறிங் கால் பூட்டுற இடம் 60 மி.மீ. கழுத்துத் துளை 47. ஸ்பிறிங் துருப்பிடிச்சிருக்கு, புதுசு வேணும். எவ்வளவு விறைப்பில எடுக்கிறது?

கணக்கன்:

முதல்ல ட்ரெயில். 171இல 75 ÷ 0.866 போக 85 மி.மீ. குறைவு. காலை 50 மி.மீ. நீட்டினா கழுத்து ஏறக்குறைய 43 உயரும், சரிவு 31.7 ஆகும், ட்ரெயில் 95. அதைவிட 19 அங்குலச் சில்லு போடுங்கோ. 100/90-19இன் ஆரம் 331. சரிவும் தானாக் கொஞ்சம் கூடி 31.3க்கு வரும். ட்ரெயில் 113, பழைய இடத்துக்கே வந்திட்டுது. காலை வெட்டி ஒட்டுற வேலையும் இல்லை. டிஸ்க்கின் நடு, மீற்றர் கேபிள், மட்கார்ட் மூண்டையும் திருப்பிப் பொருத்த வேணும்.

ஸ்பிறிங்: பின் சில்லை அதே உயரத்துக்குப் பலகை வைச்சு, முன் சில்லைத் தராசில ஏத்தி, நீங்கள் ஏறி இருந்து நிறை பாருங்கோ. 90 கிலோ காட்டுதெண்டு வையுங்கோ. சில்லு, ரொக்கர், பிறேக் நிறை ஒரு 20 கிலோ கழியுங்கோ. மிச்சம் 70. அசைவு 60 மி.மீ. எண்டா 20 அமிழ வேணும், சில்லில மி.மீ.க்கு 3.5 கிலோ. ஸ்பிறிங் 60/80இல நிக்கிறதால 0.75இன் வர்க்கத்தால பிரிச்சா 6.2. ரெண்டு ஸ்பிறிங் எண்டா ஒண்டுக்கு 3.1. இது முன் அழுத்தம் (பூட்டேக்கயே ஸ்பிறிங்கை நெரிச்சு வைக்கிறது) இல்லாமல் போட்ட கணக்கு. நட்டை இறுக்கி முன் அழுத்தம் குடுக்கிறதெண்டா இதைவிட மென்மையானது எடுங்கோ.

பண்ணைக் காற்று:

புது ஸ்பிறிங்குக்குக் குரோம் வேண்டாம். குரோம் ஏத்தேக்க உருக்குக்குள்ள ஐதரசன் போகும். உடன ஏறக்குறைய 190 பாகை செல்சியசில பல மணித்தியாலம் சுடாட்டி ஒருநாள் சொல்லாமல் முறியும். பவுடர் கோட் போதும், எங்கட உப்புக் காத்துக்கும் அதுதான் தாங்கும்.

அதே உப்புக் காத்துக்குப் பயந்து ரொக்கர் போல்ட்டை ஸ்ரெயின்லெஸ்ஸில போடாதேங்கோ. சாதாரண ஏ2-70 ஸ்ரெயின்லெஸ் போல்ட் 450 மெகாபஸ்கலில நிரந்தரமா இழுபடத் தொடங்கும், 8.8 உருக்குப் போல்ட் 640 வரைக்கும் தாங்கும். நாகம் பூசின 8.8 அல்லது 10.9, நைலொக் நட், மாசத்துக்கு ஒருக்கால் கிரீஸ். தீவுப் பக்கம் ஓடினா ரெண்டு கிழமைக்கு ஒருக்கால்.

பட்டறை அண்ணை:

பூட்டி முடிஞ்சு றோட்டில இறக்க முன்னம்: முன் சில்லைத் தூக்கி வைச்சு ஹாண்டிலை நடுவில இருந்து மெல்லத் தட்டினா ரெண்டு பக்கமும் தன் பாரத்தில விழவேணும். காலைப் பிடிச்சு முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்தா டக்கெண்ட சத்தம் வரக் கூடாது. முழுத் திருப்பில போர்க் ராங்கில முட்டாமல் நிப்பாட்டுற தடுப்பு இருக்கவேணும், பிறேக் ஹோஸ் முழு நீட்டத்திலும் இழுபடக் கூடாது. ரேப்பர் ரோலர் முதல் 200 கிலோமீற்றருக்குள்ள தன் இருக்கையில அமிழ்ந்து கொஞ்சம் இளகும், அப்ப ஒருக்கால் இறுக்குங்கோ. காப்புறுதிக்காரருக்கும் கச்சேரியில மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் வேலை தொடங்க முன்னமே எழுத்தில கேட்டு வையுங்கோ. பழைய போர்க்கை விக்காதேங்கோ.