ஆயாக்கொட்டாய் (தோட்டத்துல பிள்ளைங்கள பாத்துக்கிற இடம்) கணக்கு யாருக்காச்சும் தெரியுமா?
வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். மலேசியா, சுங்கை சிப்புட் பக்கத்துல இருந்து எழுதுறேன், மகளுக்கு காலேஜ் அசைன்மெண்ட், பிள்ளை பாத்துக்கிற செலவு பத்தி, மண்டை காயுது. புள்ளிவிவரத் துறையோட குடும்பச் செலவு சர்வே 2022 பாத்தோம், மாசம் சராசரி 5,150 வெள்ளி (ரிங்கிட்), 2019ல 4,534 தான், சரி, ஆனா பிள்ளை பாக்குற காசு தனி வரியா நிக்கல, சோப்பு, முடிவெட்டு எல்லாத்தோடயும் சேந்து 13வது பிரிவுக்குள்ள போயிடுது. அதுக்குள்ள பிரிச்ச டேபிள் எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க லா.

இன்னொன்னு. எங்கம்மா காலத்துல விடியக்காலை இருட்டுலயே தொட்டில் துணியோட ஆயாக்கொட்டாய்ல விட்டுட்டு பால்மரம் (ரப்பர்) வெட்டப் போவாங்க. இப்ப நான் பக்கத்து வீட்டு அக்காகிட்ட சின்னவன விட்டு மாசம் 350 குடுக்குறேன், ரசீதும் கிடையாது ஒன்னும் கிடையாது, அதனால 3,000 வெள்ளி வரிக்கழிவும் கேக்க முடியாது, அது பதிஞ்ச தஸ்கா (பிள்ளை பராமரிப்பு மையம்), தடிக்கா (பாலர் பள்ளி) மாதிரி இடத்துக்குத்தான். ஜேகேஎம் (சமூக நலத் துறை) கணக்குல இந்த மாதிரி அக்காமார் எப்படி வருவாங்க, பதியாதவங்கள யாராச்சும் எண்ணிருக்காங்களா? பழைய தோட்டத்து ஆயாக்கொட்டாய் போட்டோ இருந்தாலும் அனுப்புங்க, வெள்ளிக்கிழமை சப்மிட் பண்ணணும்.