கோயில் கொடைக்குக் கைத்துப்பாக்கியுடன் வருவோர் குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்திலுள்ள எங்கள் குடும்பச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவை இவ்வாண்டு நான் பொறுப்பேற்று நடத்துகிறேன். சென்ற கொடையில், கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிச் சட்டையால் மறைத்திருந்த என் மாமா முறை உறவினர் திருநீறு பூசக் குனிந்தபோது, அதன் பிடி வெளியே தெரிந்துவிட்டது. "லைசென்சு இருக்கு மாப்ளே" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

உரிமம் இருந்தாலும், 1988ஆம் ஆண்டின் சமய நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஆயுதத்தையோ அதை வைத்திருப்பவரையோ வழிபாட்டிடத்துக்குள் விடக் கூடாது என்று நிர்வாகத்தின் மீதே பொறுப்பைச் சுமத்துகிறது. மீறினால் 5 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. சீக்கியர் அணியும் கிர்பான் என்னும் குறுவாளுக்கும், வழக்கமான சடங்குக்குரிய ஆயுதங்களுக்கும் மட்டுமே விலக்கு என்பதால், சாமியாடியின் அரிவாளையும் வல்லயத்தையும் (ஈட்டியையும்) பற்றி எனக்குக் கவலையில்லை.

துப்பாக்கியை வாங்கிக் கோயில் பீரோவில் பூட்டிவைக்கலாம் என்கிறார்கள் சிலர். அதுவும் கோயிலுக்குள்தானே இருக்கும்! இதற்கென அறிவிப்புப் பலகை வைத்த நிர்வாகிகள் இருந்தால், அதன் வாசகத்தைப் பகிர வேண்டுகிறேன். கொடைக்குக் காவல் நிலையத்தில் கொடுக்கும் மனுவிலேயே இதையும் குறிப்பிடலாமா? மாமாவிடம் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது என்பதையும், அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.