லான்சரோட்டேயில் பக்கி ஓட்டலாமா, பேருந்தே போதுமா?

காரை ரவி
எல்லோருக்கும் வணக்கம். டிசம்பரில் பாரிஸில் இருக்கும் அண்ணன் குடும்பத்தோடு லான்சரோட்டே போகிறோம். ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்று, முழுக்க எரிமலைத் தீவு. அங்கே வழிகாட்டி முன்னால் போக, நாமே ஓட்டிக்கொண்டு பின்தொடரும் மூன்று மணி நேரப் பக்கி சவாரி இருக்கிறது. பக்கி என்பது கரடுமுரடான பாதையில் ஓட்டும், இரும்புக் கூண்டு வைத்த நான்கு சக்கர வண்டி. வண்டிக்கு இரண்டு பேர். அண்ணனிடம் பிரெஞ்சு லைசென்ஸ், என்னிடம் புதுச்சேரி லைசென்ஸ். அப்பாவுக்கு 66 வயது, இடுப்பில் டிஸ்க் தொந்தரவு உண்டு. அண்ணன் பையனுக்கு 9 வயது. போகலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

மன்னை பட்டறை
தாராளமா போங்க தம்பி. ஆனா எந்த மாதிரி வண்டியில ஏறுறோம்னு தெரிஞ்சுக்கிட்டு ஏறுங்க. வாடகைக்கு விடுறது பெரும்பாலும் பொலாரிஸ், கேன்-ஆம், சி.எஃப்.மோட்டோ மாதிரி கம்பெனி வண்டிங்க. நம்ம கார் மாதிரி கியர் மாத்துற வேலை கிடையாது. ரெண்டு கப்பிக்கு நடுவுல ரப்பர் பெல்ட் ஓடும், அதான் சி.வி.டி. ஸ்கூட்டர்ல இருக்குற அதே ஏற்பாடு, அளவுதான் பெருசு. லிவர்ல வேகத்துக்கு 'ஹை', இழுவைக்கு 'லோ'ன்னு ரெண்டு இருக்கும்.

புதுசா ஓட்டுறவங்க கெடுக்குறது பெல்ட்டைத்தான். செங்குத்து ஏத்தத்துல 'ஹை'ல போட்டுக்கிட்டு ஊர்ந்து போவாங்க. மெதுவா சுத்தும்போது முன் கப்பி பெல்ட்டை முழுசா கவ்வாது, வழுக்கும். வழுக்கினா சூடு, சூடானா பெல்ட்டோட பக்கவாட்டு பளபளன்னு ஆயிடும். அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் இஞ்சின் கத்தும், வண்டி நகராது. அதனால ஏத்தத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே வண்டியை நிறுத்தி 'லோ'வுக்கு மாத்துங்க. ஓடிக்கிட்டிருக்கும்போது மாத்தாதீங்க, பல் அடிபடும். ரப்பர் கருகுற வாடை வந்தா சமதரையில நிறுத்தி, நியூட்ரல்ல இஞ்சினை மிதமா ரெண்டு மூணு நிமிஷம் ஓடவிடுங்க. கப்பியில இருக்குற விசிறி காத்தைத் தள்ளி பெல்ட்டைக் குளிர வைக்கும். உடனே ஆஃப் பண்ணிட்டா சூடு உள்ளயே தங்கிடும். மேட்டுல நிக்கணும்னா பிரேக்கை மிதிங்க. ஆக்ஸிலேட்டரை லேசா அமுக்கி வண்டியைத் தாங்கிப் பிடிக்கிற பழக்கம் இங்க ஆகவே ஆகாது.

இறக்கத்துல வேற சங்கதி. ஆக்ஸிலேட்டரை முழுசா விட்டுட்டா சில வண்டியில கப்பி திறந்துக்கும், இஞ்சின் பிடிப்பு போயிடும், வண்டி தானா உருளும். 'லோ'லயே வெச்சு, கால் நுனியால துளி குடுத்துக்கிட்டே பிரேக்கைப் பிடிங்க. சரிவுல குறுக்கே மட்டும் போகாதீங்க. ஏறினா நேரா ஏறுங்க, இறங்கினா நேரா இறங்குங்க.

இன்னொண்ணு. டிராக்டர் சேத்துல மாட்டினா, பின் சக்கரம் ரெண்டும் ஒண்ணா சுத்துற மாதிரி பூட்டுற டிஃப் லாக்கை மிதிப்போம். அதை எடுக்காம வரப்போரம் திருப்பினா டிராக்டர் திரும்பாம நேராவே போகும், இல்லையா? பல பக்கியில பின் அச்சு எப்பவும் பூட்டினபடிதான் இருக்கும். தார் ரோட்டு வளைவுல வேகமா வந்து ஸ்டியரிங்கை ஒடிச்சா முன் சக்கரம் வெளிப்பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுங்க.

தஞ்சை வாத்தியார்
மன்னை அண்ணன் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. போகலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம்.

1730 செப்டம்பர் 1 அன்று அந்தத் தீவில் நிலம் பிளந்தது. 1736 வரை விட்டு விட்டு ஆறு ஆண்டுகள் எரிமலை கக்கியது. யாய்சா ஊர்ப் பாதிரியார் லொரென்சோ குர்பெலோ கண்ணால் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். தீவின் பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு லாவாவுக்கும் சாம்பலுக்கும் அடியில் போனது. அந்தப் பகுதியின் மையம்தான் 1974-இல் திமான்ஃபாயா தேசியப் பூங்கா ஆனது. ரவி கவனிக்க வேண்டியது இதுதான்: பூங்காவுக்குள் பாதையை விட்டு வண்டி ஓட்ட யாருக்கும் அனுமதி இல்லை. எரிமலை வாய்களுக்கு நடுவே வளைந்து போகும் 14 கி.மீ. சுற்றுப்பாதையில் பூங்காவின் பேருந்து மட்டுமே ஓடுகிறது. விளம்பரப் படத்தில் இருப்பது எரிமலை வாய். பக்கியில் நீங்கள் போவது வெளிவட்டத்து மண்பாதையும் பாதித் தூரம் தார் சாலையும். காசு கொடுத்து முக்கியமானதைத் தவறவிடுகிறீர்கள்.

அடுத்தது நிலம். அங்கே ஆண்டு மழை சுமார் 150 மி.மீ. நம் ஊரில் கார்த்திகையில் புயல் வந்தால் ஒரே நாளில் கொட்டிவிடும் மழை அது. இங்கே வயலில் பதிந்த டயர் தடம் அடுத்த மழையில் காணாமல் போகும். அங்கே தடத்தை அழிக்கத் தண்ணீரும் இல்லை, மூடி மறைக்கப் புல்லும் இல்லை. 1730-இல் உறைந்த பாறை மேல் இப்போதுதான் பாசிக்காளான் (லைக்கன்) படர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு சக்கரம் ஏறினால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மன்னை பட்டறை
வாத்தியாரய்யா, அதுக்குத்தானே வழிகாட்டி? இருக்குற மண்பாதையை விட்டு ஒருத்தரும் இறங்கக் கூடாதுன்னு கிளம்பும்போதே சொல்லிடுவாங்க. அந்தப் பாதையெல்லாம் தோட்டத்துக்கும் ஊருக்கும் போற பழைய வழிங்க. நம்ம ஆத்தங்கரைப் பாதையில டிராக்டர் போறது குத்தமா? சொந்தமா ஜீப் எடுத்துக்கிட்டு இஷ்டத்துக்குச் சாம்பல்ல இறக்குறவனையும், வரிசையில போறவனையும் ஒண்ணா சேர்க்காதீங்க.

தஞ்சை வாத்தியார்
வரிசையில்தான் பிரச்சினையே இருக்கிறது அண்ணே. முன் வண்டி கிளப்பும் தூசியில் பின் வண்டிக்காரருக்குக் கண் தெரியாது. அவர் தூசிக்கு விலகி ஒரு முழம் வெளியே ஓட்டுவார். அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் ஒரு முழம். வளைவில் உள்பக்கம் வெட்டித் திரும்புவார்கள். ஒவ்வொரு சவாரியிலும் சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுச் சாம்பலைத் தொடும். ஒரு வண்டித் தடமாக இருந்த பாதை இரண்டு வண்டி அகலமாவது இப்படித்தான். கண்ணாடியில் வண்டிகளைப் பார்க்கும் வழிகாட்டிக்கு, வண்டியின் வெளிச் சக்கரம் எங்கே உருளுகிறது என்பது தெரியாது. கோடியக்கரையில் வெளிமான் பார்க்கப் போகிறவர்களைப் பாதையை விட்டு இறங்காதே என்கிறோம். அங்கே நியாயம் என்றால் லான்சரோட்டேயிலும் நியாயம்தான்.

திருத்துறைப்பூண்டி கலா
நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தூசி யார் மேல் விழுகிறது என்றும் பாருங்கள். பக்கிச் சவாரிகள் பலவும் லா ஹேரியா பக்கம்தான் போகின்றன. அது திராட்சைத் தோட்டப் பகுதி. பழைய மண் சாம்பலுக்கு அடியில் புதைந்துவிட்டதால், புனல் போலக் குழி பறித்து, சில இடங்களில் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் வரை போய், வேர் அந்த மண்ணைத் தொடும்படி குழிக்கு ஒரு கொடி வைத்திருக்கிறார்கள். காற்று வரும் பக்கம் மட்டும் அரைவட்டமாகக் கல்லை அடுக்கியிருப்பார்கள். சாந்து கிடையாது, வெறும் அடுக்குதான். மேலே இருக்கும் கருஞ்சாம்பல் பகல் வெயிலில் அடிமண் ஈரத்தைக் காய விடாது, இரவுப் பனி ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். பாசனமே இல்லாத சாகுபடி இது. மேட்டூர் திறந்தால்தான் நாற்று விடுவோம் என்று இருக்கிற நாம் இறங்கி நின்று பார்க்க வேண்டிய இடம். பக்கியில் போனால் பத்து நிமிடம் நிறுத்துவார்கள், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கிளம்பச் சொல்வார்கள். ரவி தம்பி, வாடகைக் காரில் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். அப்பாவும் வரலாம். குழி விளிம்பில் மட்டும் கால் வைக்காதீர்கள், சாம்பல் சரிந்து கொடி மேல் விழும்.

குடந்தைக்காரர்
காகித விஷயத்துக்கு வருவோம், மாட்டிக்கொள்வது இதில்தான். ரவி ஓட்டுவதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் கொடுத்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4ஏ, கட்டணம் ₹1000, ஓராண்டு செல்லும். அதோடு அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும், ஒன்றில்லாமல் மற்றொன்று செல்லாது. அண்ணனுக்கு பிரெஞ்சு லைசென்ஸே போதும். என் யோசனை, அண்ணனே ஓட்டட்டும். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ரவுண்டானாவில் இடஞ்சுழியாகப் போக வேண்டும். மண்பாதையில் இது பெரிதாகத் தெரியாது. மண்பாதை முடிந்து தார் சாலையில் ஏறும் அந்த இடத்தில்தான் நம் ஆள் பழக்க தோஷத்தில் இடப்பக்கம் ஏறிவிடுவார்.

ஐரோப்பா போக வாங்கும் ஷெங்கன் விசாவுக்கு எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு மருத்துவச் செலவுக்கு. பக்கி அடிபட்டால் அது ஒரு பைசா தராது. மருத்துவச் செலவிலும் சாகச விளையாட்டு, சாலைக்கு வெளியே மோட்டார் வண்டி என்று பல பாலிசிகள் விலக்கு வைத்திருக்கும். விலக்குப் பட்டியலைப் படித்துவிட்டு, தேவைப்பட்டால் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கச் சொல்லுங்கள். வண்டிச் சேதத்தில் முதல் இவ்வளவு யூரோ உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கும், அந்தத் தொகையைக் கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். கிளம்புமுன் நான்கு மூலை, நான்கு ரிம், அடிப்பாகம், கூரைக் கம்பி எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள், அதில் அவர்களுடைய ஆளும் தெரியட்டும். டயர் வெட்டு சேதக் கணக்கில் வருமா என்று தனியாகக் கேளுங்கள். பல இடங்களில் டயரும் கண்ணாடியும் காப்பீட்டில் சேராது.

மன்னை பட்டறை
டயரைப் பத்தி குடந்தை அண்ணன் சரியா பிடிச்சாரு. நம்ம பக்கம் வண்டல்லயும் களிமண்ணுலயும் ஓட்டுறவனுக்குக் கல்லுன்னாலே பழக்கமில்ல. பெரிய கோயிலுக்கே கல்லு வெளியிலேர்ந்துதான் வந்துச்சு. நம்ம டயர் வழுக்கித் தேயும், வெட்டுப்படாது. அங்க லாவாவுல ரெண்டு தினுசு. ஒண்ணு வழவழன்னு மடிப்பு மடிப்பா உறைஞ்சது. இன்னொண்ணு நொறுங்கின கட்டியா, முனை முனையா நிக்கிறது, உடைஞ்ச பாட்டில் கணக்கா கிழிக்கும். பக்கி டயர்ல காத்து 10 முதல் 16 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான் இருக்கும், வண்டிக்கு வண்டி மாறும். லூசான சாம்பல்ல காத்து கம்மியா இருந்தா நல்லா பிடிக்கும். ஆனா கம்மியானா பக்கச் சுவர் பிதுங்கும், பாதையோரக் கல்லு அந்தப் பிதுக்கத்துலதான் கிழிக்கும். நடுப்பட்டையில ஆணி ஓட்டைன்னா ரப்பர் திரி சொருகி அஞ்சு நிமிஷத்துல ஓட்டிடலாம். பக்கச் சுவர் கிழிஞ்சா அங்க வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது, டயரையே மாத்தணும். அதனால சக்கரத்தை எப்பவும் தடத்துக்கு நடுவுல வைங்க. வாத்தியார் சொல்ற மாதிரி ஓரம் போனா மண்ணும் கெடும், டயரும் போகும்.

தூசிக்கு ஒரே வழி இடைவெளி. முன் வண்டி தூசி அடங்குற அளவு, காத்தடிக்கிற திசையைப் பொறுத்து 30 மீட்டரோ 50 மீட்டரோ விட்டு வாங்க. விலக வேண்டிய அவசியமே வராது. அது சாதாரணப் புழுதி இல்ல, எரிமலைக் கண்ணாடித் துகள். ஃபில்டர் ஓரம் சரியா உக்காரலைன்னா நேரா சிலிண்டருக்குள்ள போயி பிஸ்டன் ரிங்கை அரைச்சிடும். கண்ணுக்கும் அப்படித்தான். கான்டாக்ட் லென்ஸ் போடாதீங்க, முழு மூடின காகிள்ஸ், மூக்கு வாய் மூடுற துணி, ஷூ கண்டிப்பா. சஹாராப் புழுதி வீசுற நாள் உண்டு, ஆப்பிரிக்கக் கரை சுமார் 125 கி.மீ.தான். அன்னைக்கு ஆஸ்துமா உள்ளவங்க கிளம்பவே வேண்டாம்.

அப்பா இந்த வண்டியில ஏறக் கூடாது. ஒரு குழியில இறங்கினாலே இடுப்பு நேரா வாங்கும். பையனைச் சீட்ல முதுகு ஒட்ட உக்கார வெச்சுப் பாருங்க. கால் தரையில ஊணணும், கை பிடியை எட்டணும், பெல்ட் தோள்ல உக்காரணும், கழுத்துல இல்ல. மூணுல ஒண்ணு இல்லைன்னாலும் வேண்டாம். ஒன்பது வயசுல அநேகமா எட்டாது. வண்டி சாயுற மாதிரி தோணினா கையை வெளிய நீட்டித் தாங்கப் பார்க்காதீங்க, கூண்டுக்கடியில மாட்டி நசுங்குறது அந்தக் கைதான்.

காரை ஜமால்
ரவி, லான்சரோட்டே முடிவாகிவிட்டதா? நம்மூரிலிருந்து கப்பலேறிப் போன கூலிகளின் வம்சம் இருக்கிற ரீயூனியனும் எரிமலைத் தீவுதானே? அங்கே பித்தோன் டி லா ஃபூர்னேஸ் இன்றும் அடிக்கடி வெடிக்கிற மலை. 2007-இல் லாவா கடல் வரை ஓடிக் கடலோரச் சாலையையே மூடியது. மொரிஷியஸ் இன்னும் சுலபம்: நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுவார்கள், ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்து இருக்கும். பக்கிச் சவாரி அங்கே தனியார் எஸ்டேட்டுக்குள் ஓடும்.

தஞ்சை வாத்தியார்
தனியார் எஸ்டேட் என்றால் என் எதிர்ப்பு பாதியாகக் குறையும். மொரிஷியஸில் எரிமலை ஓய்ந்து பாறை மக்கிச் செம்மண்ணாகிவிட்டது, மழையும் உண்டு, தடம் ஆறிவிடும். ரீயூனியனில் கவனம் வேண்டும். உச்சிப் பகுதி தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, 2010 முதல் உலக மரபுச் சின்னமும்கூட. வெடிப்பு தொடங்கினால் மலைவாயைச் சுற்றிய பள்ளத்துக்குள் இறங்கும் நடைபாதையை மூடிவிடுவார்கள்.

காரை ரவி
டிக்கெட் எடுத்தாயிற்று ஜமால் பாய், லான்சரோட்டேதான். அப்பா, அம்மா, பையன் மூவரும் பூங்காப் பேருந்தில். கலா அக்கா சொன்னபடி ஒரு மாலை லா ஹேரியாவுக்குக் காரில். நானும் அண்ணனும் மட்டும் பக்கியில், அண்ணன் ஓட்டுவார். பேருந்தில் ஏற என்ன செய்ய வேண்டும்?

குடந்தைக்காரர்
சொந்தக் காரில் பூங்காச் சாலை வழியாக இஸ்லோட்டே டி ஹிலாரியோ வரை போகலாம், பேருந்து அங்கிருந்துதான் கிளம்பும். முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள், நடுவில் இறங்க விடமாட்டார்கள், கழிவறைக்குப் போய்விட்டு ஏறுங்கள். ஏறும் இடத்திலேயே தரையில் குழாய்க்குள் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார்கள், சில நொடியில் ஆவியாகப் பீறிட்டு மேலே வரும். பக்கத்துக் குழியில் காய்ந்த புதரைப் போட்டால் தானே பற்றிக்கொள்ளும். பூமிச் சூட்டிலேயே இறைச்சி வாட்டும் உணவகமும் அங்கேதான் இருக்கிறது, லான்சரோட்டேக் கலைஞர் சேசர் மன்ரிக்கே வடிவமைத்தது. வாகன வரிசை நீளும், காலையிலேயே போய்விடுங்கள்.

தஞ்சை வாத்தியார்
பக்கியில் போவதென்று முடிவானால், பணம் கட்டுமுன் சவாரி நடத்துகிறவரிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள் ரவி. வழித்தட வரைபடம், அதில் எத்தனை கி.மீ. மண்பாதை, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை வண்டி. வரைபடம் தர மறுப்பவரிடம் போகாதீர்கள். ஐந்து வண்டிக்கு மேல் ஒரே வழிகாட்டி என்றாலும் போகாதீர்கள்.

மன்னை பட்டறை
அஞ்சு வண்டி கணக்கை நானும் ஒத்துக்கிறேன் வாத்தியாரே. போறதே தப்புங்கிறதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். ரவி தம்பி, கூடவே இதையும் கேட்டுடுங்க: வழிகாட்டி வண்டியில மாத்து பெல்ட், ஸ்பேர் டயர், டயர் திரி, காத்தடிக்கிற பம்பு இருக்கா? முடிஞ்சா காலை முதல் சவாரியைப் பிடிங்க. வழிகாட்டிக்கு அடுத்த இடத்தைக் கேட்டு வாங்குங்க, தூசி அங்கதான் ரொம்பக் கம்மி.