பெனிட்ரன்ஸ்: ‘ஊடுருவு திறன்’ வேண்டாம், ‘தலைகாட்டு வீதம்’ எப்படி?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ஒரு மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்களில் எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்ற கணக்கைத்தான் மரபியலில் பெனிட்ரன்ஸ் (penetrance) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் கேட்டிருந்தார்:

> பெனிட்ரன்ஸுக்கு ‘ஊடுருவு திறன்’ போதுமே. மூலச்சொல்லின் பொருளும் அதுதானே?

போதாது ஐயா. மூலச்சொல்லே கொஞ்சம் தவறான படத்தைத்தான் காட்டுகிறது. அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

குடும்ப வழியில் வரும் பார்க்கின்சன் நோய் (நடுக்குவாதம்) பற்றி, நோயாளிகளின் உறவினர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். “இந்த மரபணு மாற்றத்தின் ஊடுருவு திறன் வயதோடு கூடும்” என்று அதில் ஒரு வரி. அத்தையிடம் படித்துக் காட்டினேன். “அப்போ அது மூளைக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா நுழையுதாப்பா?” என்று கேட்டார். அத்தை சொல்லைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார், சொல்தான் சரியில்லை. எதுவும் எங்கும் நுழைவதில்லை. கருவான நாள் முதலே அந்த மாற்றம் உடம்பில் இருக்கிறது. அதைச் சுமக்கும் நூறு பேரில் எத்தனை பேருக்கு, எந்த வயதுக்குள் நோய் வருகிறது என்பதுதான் கேள்வி.

எல்ஆர்ஆர்கே2 (LRRK2) என்ற மரபணுவைப் பாருங்கள். பார்க்கின்சன் நோயோடு அதற்குள்ள தொடர்பு 2004-இல் தெரியவந்தது. ஆய்வு செய்யப்பட்ட குடும்பங்களில் ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பகுதியின் பாஸ்க் மொழி பேசும் குடும்பங்களும் இருந்ததால், அம்மொழியில் நடுக்கத்தைக் குறிக்கும் ‘தர்தரா’விலிருந்து அதன் புரதத்துக்கு ‘தர்தரின்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு சிறிய மொழியின் வீட்டுச் சொல் அறிவியலுக்குள் போய் உட்கார்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

அந்த மரபணுவில் அதிகம் பேசப்படும் மாற்றம், புரதத்தின் 2019-ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின் என்ற அமினோ அமிலம் வருவது. 2008-இல் வந்த பன்னாட்டு ஆய்வின்படி, இதைச் சுமப்பவர்களில் 59 வயதுக்குள் 28 விழுக்காட்டினருக்கும், 69-க்குள் 51 விழுக்காட்டினருக்கும், 79-க்குள் 74 விழுக்காட்டினருக்கும் நோய் வருகிறது. 2015-இல் அஷ்கெனாசி யூத (ஐரோப்பிய வழி யூத) நோயாளிகளின் உறவினர்களை வைத்துக் கணக்கிட்டபோது, 80 வயதுக்குள் 26 விழுக்காடு என்றுதான் வந்தது.

மாற்றம் அதேதான், ஆனால் எண் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! யாரை எண்ணுகிறோம், எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து இது மாறும். நோயாளிகள் நிறைந்த குடும்பங்களாகத் தேடிப் போய் எண்ணினால் எண் ஏறத்தான் செய்யும். அதனால் ‘ஊடுருவு’ மட்டுமல்ல, ‘திறன்’ என்பதும் தவறு. திறன் என்றால் மரபணுவுக்குள்ளேயே குடியிருக்கும் குணம் என்று தோன்றும். இதுவோ மனிதர்களை எண்ணிச் சொல்லும் கணக்கு.

வம்சாவளிப் படம் வரைந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். அதில் வட்டம் பெண், சதுரம் ஆண்; நோய் வந்தவரை நிரப்பிக் காட்டுவார்கள். பாட்டிக்கு நோய், ஆகவே நிரப்பிய வட்டம். பேத்திக்கும் நோய், அதுவும் நிரப்பிய வட்டம். இருவருக்கும் நடுவில் 82 வயது அப்பா, வெற்றுச் சதுரம். கை நடுங்காமல் காப்பி ஆற்றிக் குடிக்கிறார். மாற்றம் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்திருந்தால் அவர் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் அவரிடம் அது தலைகாட்டவே இல்லை.

என் சொல்லும் அங்கிருந்துதான் கிடைத்தது: தலைகாட்டு வீதம். ‘காய்ச்சல் மறுபடி தலைகாட்டுது’ என்று நாம் சொல்வதுதானே? இருப்பது வேறு, தலைகாட்டுவது வேறு என்ற பிரிவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்த அப்பாவைத் ‘தலைகாட்டாச் சுமப்பவர்’ எனலாம். சுமப்பவருக்கு (carrier) ‘காவி’ என்றால் நோய் பரப்பும் கொசு நினைவு வருகிறது, அதனால் தவிர்த்தேன்.

‘வெளிப்பாட்டு வீதம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அழகான சொல்தான். ஆனால் மரபணு வெளிப்பாடு என்பதை, மரபணு செயல்பட்டுப் புரதம் போன்றவை உருவாவது (gene expression) என்ற வேறொரு கருத்துக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ‘பலிப்பு’ என்பதை நானே யோசித்துக் கைவிட்டேன். கனவு பலிக்கலாம், நோய் பலித்தது என்று ஒரு குடும்பத்திடம் எப்படிச் சொல்வது?

அத்தையிடம் மறுபடி படித்தேன்: “இந்த மாற்றத்தின் தலைகாட்டு வீதம் வயதோடு கூடும்.” “அப்போ வராமலே போகவும் வாய்ப்பிருக்கு” என்றார். கையேட்டைப் படிப்பவர்களுக்குப் புரிய வேண்டியது அதுதான்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. ஈழ வழக்கில் வீதம் என்றாலே விழுக்காடு. ‘தலைகாட்டு வீதம் 26 வீதம்’ என்றால் அங்கே இடிக்குமா? ‘தலைகாட்டு விகிதம்’ என்று மாற்றிவிடலாமா? அந்தப் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள். கையேடு அச்சுக்குப் போகுமுன் திருத்திவிடுகிறேன்.

அன்புடன்