அயர்லாந்து ரேஸ் நாயைத் தக்கலைக்குக் கொண்டு வரலாமா?

கார்க்_தக்கலை:
எல்லோருக்கும் வணக்கம். அயர்லாந்தில் கார்க் நகரில் நர்ஸாக வேலை. சொந்த ஊர் தக்கலை பக்கம். அடுத்த வருஷம் குடும்பத்தோடு ஊருக்கே திரும்புவதாக இருக்கிறோம். எங்களிடம் ரோசி இருக்கிறது. ரேஸ் ஓடி ஓய்வு பெற்ற பெண் கிரேஹவுண்ட், ஆறு வயது, 28 கிலோ. காலில் அடிபட்டதும் ரேஸிலிருந்து கழித்துவிட்டார்கள், நாங்கள் தத்து எடுத்தோம். காதுக்குள் பச்சை குத்திய எண் இன்னும் இருக்கிறது. வந்த புதிதில் மாடிப்படி ஏறத் தெரியாது, கண்ணாடிக் கதவில் போய் முட்டும். பிறந்ததிலிருந்து கொட்டடியைத் தவிர எதையும் பார்த்திராத ஜீவன். இப்போது சோபா அதற்குத்தான், நாங்கள் தரையில் உட்காருகிறோம்.

சட்டத்தில் தடை இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புகிறவர்கள் இரண்டு செல்லப்பிராணி வரை கொண்டு வரலாம். ஊரில் மதில் கட்டின வீடு, ஒரு அறையில் ஏசி. கேள்வி இதுதான்: கொண்டு வரலாமா, இல்லை இங்கேயே நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு வரலாமா? மாமியார் ஏற்கனவே "நாய்க்கு வீட்டுக்குள்ள என்ன வேலை" என்று சொல்லிவிட்டார்கள்.

வடசேரி_வாத்தியார்:
கொண்டு வராதீர்கள். கிரேஹவுண்டுக்கு முடி மெல்லியது, உடம்பில் கொழுப்பே கிடையாது. அதனால் குளிர்தான் ஆகாது, வெயில் பரவாயில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டுமே ஆகாது. உடம்பு முழுக்கத் தசை. கொஞ்சம் ஓடினாலே சூடு ஏறிவிடும். நாய்க்கு நமக்கு வியர்ப்பது போல வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் அதுவும் சரியாக நடக்காது. மதுரை, திருநெல்வேலி மாதிரி இங்கே வெயில் இல்லை என்று நாம் பெருமை பேசுவோம், புழுக்கத்தை மட்டும் வசதியாக மறந்துவிடுவோம். ஏப்ரல் மாதம் மதியம் மூன்று மணி நேரம் கரண்ட் போனால் உங்கள் ஏசி அறை என்ன ஆகும்?

அப்புறம் தெருநாய். சாயங்காலம் வாரைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் பாருங்கள். ஐந்தாறு சேர்ந்து வரும். கிரேஹவுண்டின் தோல் ஒரு கடியில் கிழிந்து தொங்கும்.

மெல்போர்ன்_மணவாளக்குறிச்சி:
வாத்தியார் சார், வணக்கம். நானும் இங்கே இரண்டு ஓய்வு பெற்ற நாய்களை வளர்க்கிறேன். ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரம் கிட்டத்தட்ட நம் ஊர்ப் புழுக்கம்தான், அதைவிடக் கூடவும் இருக்கும். அங்கே கிரேஹவுண்ட் ரேஸ் மைதானமே இருக்கிறது. ரேஸ் முடிந்த நாய்கள் அங்குள்ள வீடுகளில்தான் வாழ்கின்றன. நம் நாட்டு ராம்பூர் ஹவுண்டிலேயே இங்கிலீஷ் கிரேஹவுண்ட் ரத்தம் கலந்திருக்கிறது, அது உத்தரப்பிரதேச வெயிலில் வளர்ந்த இனம்.

இந்த நாய்க்கு நாள் முழுக்க ஓட வேண்டும் என்பது பெரிய தப்பெண்ணம். ஒரு ரேஸ் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். மற்ற நேரம் தூக்கம்தான், ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம்கூடத் தூங்கும். விடிவதற்கு முன் ஒரு நடை, இருட்டின பிறகு ஒரு நடை, போதும். அக்கா, ஆறு வயதில் இன்னொரு வீட்டில் விட்டால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொண்டு வாருங்கள்.

வடசேரி_வாத்தியார்:
தம்பி, டார்வின் நாய் அந்தப் புழுக்கத்திலேயே பழகினது. ரோசி பழகியிருப்பது கார்க் நகர மழைச் சாரலில். அங்கே இருபது டிகிரி வந்தாலே வெயில் என்று சட்டையைக் கழற்றுவார்கள். ராம்பூர் கதையும் அப்படித்தான். ஆப்கான் ஹவுண்டோடு சேர்த்துத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கினது அது. விமானத்தில் ஒரே நாளில் வந்து இறங்கினதில்லை.

ஆரல்வாய்மொழி_காற்று:
நான் சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறவன், என் பேச்சில் பட்சபாதம் இருக்கும், மன்னிக்கவும். இந்த உடம்பு வாகு, இந்த வேகம் எல்லாம் நம் தென் மாவட்டங்களிலேயே இருக்கிறது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம். 2005-ல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை வந்தது. 2020-ல் பிரதமரே வானொலியில் நாட்டு நாய்களின் பெயரைச் சொன்னார். அப்போது ஆறு மாதம் எல்லோரும் தேடினார்கள், பிறகு பழையபடி லாப்ரடாருக்கே போய்விட்டார்கள்.

என் பயம் வேறு. அக்கா ஒன்று கொண்டு வந்தால் தெருவே வந்து பார்க்கும். "இது என்ன இனம், குட்டி கிடைக்குமா" என்று நாலு பேர் கேட்பார்கள். அடுத்த வருஷம் எவனாவது குட்டி விற்க விளம்பரம் போடுவான். 2016-ல் மத்திய அரசு வியாபார இனப்பெருக்கத்துக்காக நாய் இறக்குமதி செய்வதைத் தடுத்ததே இந்த மோகத்தால்தானே.

கார்க்_தக்கலை:
அண்ணே, ரோசிக்குக் கருத்தடை ஆகிவிட்டது. குட்டி ஆசையோடு வருகிறவர்களுக்குத் தேங்காய்த் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

ஆரல்வாய்மொழி_காற்று:
குட்டி ரோசிக்குப் பிறக்க வேண்டாம் அக்கா, பஞ்சாபிலிருந்து வரும். அங்கே கிராமத் திருவிழாக்களில் கிரேஹவுண்ட் ரேஸ் விடுகிறார்கள். ஓட முடியாததைக் கைவிடுகிறார்கள். கிரேஹவுண்ட் மேல் இரக்கம் இருப்பவர்கள் முதலில் அங்கே பார்க்கலாம்.

குளச்சல்_துறை:
எல்லோரும் வெயிலையும் குட்டியையும் பேசுகிறீர்கள். எனக்கு இந்தத் தத்து ஏற்பாட்டின் மேலேயே சந்தேகம். அயர்லாந்தில் குதிரைக்கும் நாய்க்கும் சேர்த்து 2001 சட்டப்படி ஒரு அரசு நிதி. அதில் ஐந்தில் ஒரு பங்கு கிரேஹவுண்ட் ரேஸுக்கு, சமீப வருஷங்களில் ஏறக்குறைய இரண்டு கோடி யூரோ. மக்கள் வரிப்பணம். வேகம் போதாது என்ற ஒரே காரணத்துக்காக வருஷத்துக்கு 6000 நாய்கள் வரை கொல்லப்படுகின்றன என்று அந்தத் துறையே எழுதி வாங்கின அறிக்கையில் இருந்தது 2019-ல் அங்குள்ள அரசுத் தொலைக்காட்சியில் வெளிவந்தது. அப்படி ஒரு தொழில், "எங்கள் நாய்களுக்கெல்லாம் வீடு கிடைக்கிறது பாருங்கள்" என்று காட்டிக்கொள்ளத் தத்து எடுக்கிறவர்கள் உதவுகிறார்கள். அவர்கள் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் பிறப்பிப்பார்கள், நாம் வருஷா வருஷம் சோபா வாங்கிப் போடுவோம். இது முடிகிற காரியமா?

மெல்போர்ன்_மணவாளக்குறிச்சி:
குளச்சல் அண்ணே, கணக்கு சரி, முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. சீனாவின் மக்காவ் நகர ரேஸ் மைதானத்தை 2018-ல் மூடினார்கள். ஐந்நூறுக்கு மேல் நாய்கள். வீடு தர ஆள் இல்லையென்றால் அவற்றின் கதி என்ன? பல நாடுகளில் இடம் கிடைத்தது. அமெரிக்காவில் புளோரிடா மக்கள் 2018-ல் ஓட்டுப் போட்டு 2020 முடிவுக்குள் ரேஸை நிறுத்தினார்கள். தெருவில் இந்த நாயோடு நடக்கிறவனைப் பார்த்துத்தான் ஊர்க்காரன் "இதையா அப்படி ஓட விடுகிறார்கள்" என்று முதல் தடவை கேட்கிறான். இங்கே விக்டோரியாவில் ஓய்வு பெற்ற கிரேஹவுண்டுக்கு வெளியே வாய்க்கூடு கட்டாயம் என்று இருந்தது. 2019-ல் எடுத்துவிட்டார்கள். இது கடிக்கிற மிருகம் இல்லை என்று வளர்த்தவர்கள் காட்டினதுதான் அதற்குப் பெரிய காரணம்.

குளச்சல்_துறை:
உங்கள் நாட்டிலேயே நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2016 ஜூலையில் ரேஸுக்குத் தடை என்று அறிவித்து, அக்டோபரில் பின்வாங்கினதே தம்பி? அப்போதும் அங்கே தெருத் தெருவாகத் தத்து நாய்கள் இருந்தனவே.

மெல்போர்ன்_மணவாளக்குறிச்சி:
பின்வாங்கினது உண்மை. ரேஸ்காரர்களும் சில பத்திரிகைகளும் கொடுத்த அழுத்தம். ஆனால் நியூசிலாந்து 2024 டிசம்பரில் ரேஸையே மூடப்போவதாக அறிவித்தது. எது எப்படியானாலும் ரோசி பிறந்தாயிற்று, ஓடியாயிற்று. அக்கா அதை விட்டுவிட்டு வந்தால் ரேஸ் வாரியத்துக்கு ஒரு காசு நஷ்டம் கிடையாது.

குலசேகரம்_கால்நடை:
கால்நடை மருத்துவராக இருக்கிறேன். அரசியலை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். எனக்கு வெயிலைவிட உண்ணியைப் பற்றித்தான் கவலை, இதுவரை யாரும் அதைத் தொடவில்லை.

நம் மாவட்டத்தில், ரப்பர்த் தோட்டப் பக்கம் குறிப்பாக, உண்ணிக் காய்ச்சல் வராத நாய் குறைவு. காய்ச்சலோடு நாய் வந்தால் ரத்தம் எடுத்துப் பார்ப்போம். தட்டணுக்கள் குறைந்திருந்தால் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகித்து டாக்ஸிசைக்ளின் தொடங்குவோம். கிரேஹவுண்டில் இந்த வழக்கம் சறுக்கும். மற்ற நாய்களுக்குத் தட்டணு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். நல்ல ஆரோக்கியமான கிரேஹவுண்டுக்கே ஒன்றரை லட்சம், சிலவற்றுக்கு ஒரு லட்சம்தான் இருக்கும். அதைப் பார்த்து இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பார்கள்.

சிவப்பணுவில் நேர் எதிர். கிரேஹவுண்டின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு 50 முதல் 60 சதவீதம் வரை போகும். உண்மையாகவே உண்ணிக் காய்ச்சல் வந்து அது 40-க்கு இறங்கினாலும் லேப் காகிதத்தில் "நார்மல்" என்றுதான் அச்சாகும், அந்த நாய்க்கோ ரத்தசோகை தொடங்கியிருக்கும். தைராய்டு அளவும் இந்த இனத்துக்கு இயல்பிலேயே குறைவு. அதைப் பார்த்து ஆயுள் முழுக்க மாத்திரை எழுதிவிடுவார்கள்.

அக்கா, அங்கிருந்து கிளம்பும் முன் ரோசி நன்றாக இருக்கும்போதே முழு ரத்தப் பரிசோதனை செய்து காகிதத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். இங்கே எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். இன்னொன்று மயக்க மருந்து. தயோபென்டோன் போன்ற மருந்துகளிலிருந்து கிரேஹவுண்ட் எழுந்திருக்க வெகு நேரமாகும், ஆபத்தும் உண்டு. அறுவை சிகிச்சை என்றால் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெரிய சிகிச்சைக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வயதானால் கால் எலும்பில் புற்றுநோய் வருவதும் இந்த இனத்தில் அதிகம். நொண்டினால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்.

கொண்டு வரலாமா என்று கேட்டால், இதையெல்லாம் செய்யத் தெம்பு இருந்தால் வரலாம். நர்ஸ் என்பதால் உங்களுக்குத் தெம்பு இருக்கும் என்று நினைக்கிறேன்.

வடசேரி_வாத்தியார்:
டாக்டர் சார் சொன்னதை நான் என் பக்க வாதமாகவே எடுத்துக்கொள்கிறேன். ரத்தக் காகிதத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வாழ வேண்டிய நாயை எதற்கு இங்கே கொண்டு வர வேண்டும்? சரி, வருவது என்றே வைத்துக்கொள்வோம். எந்த மாதம்?

மெல்போர்ன்_மணவாளக்குறிச்சி:
ஆனி, ஆடிச் சாரலில் வரட்டும். ஊரில் அதுதான் குளிர்ச்சி.

வடசேரி_வாத்தியார்:
ஆனி மாதம் ஊர் குளிர்ச்சி, சென்னை விமான நிலையம் நெருப்பு. நாற்பது டிகிரியில் கூண்டோடு சரக்குப் பகுதியில் கிடக்கும்.

குலசேகரம்_கால்நடை:
வாத்தியார் சொல்வது இந்த இடத்தில் சரி. ஜனவரி நடுவில் சென்னை நன்றாக இருக்கும். நவம்பர், டிசம்பரில் இங்கே கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று வெடிச் சத்தம் ஓயாது, அதுவும் தாண்டியிருக்கும். மார்ச் வருவதற்குள் ஒரு மாதமாவது பழக நேரம் கிடைக்கும். சென்னையிலிருந்து இரவில் காரில் வருவது நல்லது. ரயில் என்றால் முதல் வகுப்பு ஏசியில் கூபே முழுவதையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் போட்டுவிடுவார்கள்.

வீட்டுத் தரை டைல்ஸா? கிரேஹவுண்டுக்கு வழுக்கும் தரை பயம், காலைப் பரப்பி நின்றுவிடும். நடக்கும் வழியில் கயிற்று மிதியடி போடுங்கள். தூங்கும்போது குழந்தைகள் மேலே போய் விழக்கூடாது, சில நாய்கள் திடுக்கிட்டு எழுந்து கவ்வும்.

கார்க்_தக்கலை:
மிக்க நன்றி டாக்டர். ரத்தப் பரிசோதனைக்கு இன்றே நேரம் கேட்கிறேன். வாத்தியார் சார், கரண்டுக்கு இன்வெர்ட்டர். தெருநாய்த் தொல்லை இல்லாமல் நடை எல்லாம் வீட்டைச் சுற்றி மதிலுக்குள்தான். எங்கள் குடும்பத்தில் ஒருவரை விட்டுவிட்டு வரச் சொல்வது போலத்தான் எனக்குப் படுகிறது, அதனால் என் மனம் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். குளச்சல் அண்ணன் சொன்ன இரண்டு கோடி யூரோவில் என் வரியும் இருக்கிறது, அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

வடசேரி_வாத்தியார்:
என் கருத்து மாறவில்லை. ஜனவரி என்றால் ஜனவரி, ஏப்ரலில் எப்படி இருக்கிறது என்று இங்கே வந்து எழுதுங்கள்.

ஆரல்வாய்மொழி_காற்று:
மதிலுக்குள் விடப்போகிறீர்கள் என்றால் ஒரு கேள்வி. மாமியார் கோழி வளர்க்கிறார்களா?

கார்க்_தக்கலை:
வளர்க்கிறார்கள். நாட்டுக்கோழி, ஒரு கூட்டம். பகலில் திறந்துதான் விடுவார்கள்.

ஆரல்வாய்மொழி_காற்று:
போச்சு. பொம்மை முயலின் பின்னால் ஓடவே பழக்கின நாய். என் சிப்பிப்பாறைக்கே கோழி ஓடினால் காது கேட்காது. கோழி ஓடத் தொடங்கினால் ரோசிக்கு உங்கள் குரல் எட்டவே எட்டாது.

குலசேகரம்_கால்நடை:
ஆமாம். வெளியே விடும்போதெல்லாம் வாய்க்கூடு போடுங்கள், ரேஸில் போட்டுப் பழகினதுதான், மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்கிற கூடை மாதிரி உள்ளது. வாய்க்கூடு போட்டாலும் காலால் மிதித்துக் கொன்றுவிடும், அதனால் கோழிக்குத் தனியாகக் கம்பி வேலி வேண்டும். நாய் வருவதற்கு முன்பே கட்டிவிடுங்கள்.

கார்க்_தக்கலை:
மாமியாரிடம் இப்போதுதான் போனில் சொன்னேன். வேலிக்குச் செலவு யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது என்றேன். கோழிக்கூட்டுக்குப் புது ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் சேர்த்துப் போட்டுத் தரணுமாம். சரி என்று சொல்லிவிட்டேன்.