ஜெர்மனிக்கு வந்து பழைய மெயின்ஃபிரேமைப் புதிய இணையச் சேவைகளோடு இணைக்கும் பணியில் சேர்ந்தவர்களுக்கு

ஜெர்மனியில் வங்கி அல்லது காப்பீட்டு நிறுவன வேலைக்கு வருகிற நம் மென்பொருள் பொறியாளர்கள் பலருக்கு முதல் மாதத்திலேயே ஒரு கலக்கம் வந்துவிடுகிறது. ஜாவா, காஃப்கா, குபர்நெட்டிஸ் போன்ற புதிய தொழில்நுட்பங்களைப் பற்றி நேர்காணலில் பேசித்தான் வேலை கிடைத்திருக்கும். வந்து பார்த்தால், அந்தப் புதிய சேவைகள் எல்லாம் கடைசியில் போய் நிற்கும் இடம் ஓர் ஐபிஎம் மெயின்ஃபிரேமும் (பெருநிறுவனங்களின் மையக் கணினி), அதில் பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும், கோபோல் எனும் பழைய நிரல்மொழியில் எழுதிய நிரல்களுமாக இருக்கும். கற்றதெல்லாம் வீணாகிவிடுமோ, வேறு வேலை பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அவசரப்பட்டு விலகாதீர்கள். பழையதையும் புதியதையும் ஒருசேரப் புரிந்தவர்கள் இங்கே போதவில்லை.

இந்தத் தேவைக்குச் சட்டமும் ஒரு காரணம். யூரோ பகுதி வங்கிகள் உடனடிப் பணப்பரிமாற்றங்களை 2025 ஜனவரி 9 முதல் பெற்றுக்கொள்ளவும், அதே ஆண்டு அக்டோபர் 9 முதல் அனுப்பவும் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. ஞாயிறானாலும் நள்ளிரவானாலும் பணம் 10 விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். பழைய கணக்கு அமைப்புகளோ பகலில் பரிவர்த்தனைகளை ஏற்று, இரவில் பேட்ச் (சேர்ந்த வேலைகளை மொத்தமாகச் செய்யும் ஓட்டம்) ஓட்டி வட்டி, கட்டணம், நாள் முடிவுக் கணக்கு ஆகியவற்றை முடிப்பதற்காக எழுதப்பட்டவை; பேட்ச் ஓடும்போது கணக்குக் கோப்பில் வேறு எதுவும் எழுத முடியாத இடங்களும் உண்டு. அந்த இடைவெளியில் இருப்புத்தொகையைத் தற்காலிகமாகக் காத்து, வந்த பரிவர்த்தனைகளை வரிசையில் நிறுத்தி, பேட்ச் முடிந்ததும் ஒன்று விடாமல், ஒன்றும் இரட்டிக்காமல் பதிவு செய்யும் அடுக்கை எழுதுவதுதான் உங்களைப் போன்றவர்களின் கைக்கு வரும் வேலை. ஆகவே சேர்ந்த உடனே பேட்ச் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அதைவிட முக்கியமானது தரவு. கோபோல் காப்பிபுக்கில் (பதிவின் புலங்களை விவரிக்கும் கோப்பு) ஒரு தொகை, பத்தின்மக் குறிக்கு முன் ஏழு இலக்கமும் பின் இரண்டு இலக்கமும் கொண்ட காம்ப்-3 (ஒரு பைட்டில் இரண்டு இலக்கம் அடைக்கும் வடிவம்) புலமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12345.67 என்ற தொகை அதில் 00 12 34 56 7C என்று ஐந்து பைட்டுகளாக அமர்ந்திருக்கும். கடைசி அரை பைட்டில் இருக்கும் C மிகை எண்ணையும், D குறை எண்ணையும் காட்டும். இந்தக் கோப்பை எழுத்துக்கோப்பாக நினைத்து எஃப்டிபி எனும் கோப்பு அனுப்பும் முறையில் மாற்றி அனுப்பினால், ஒவ்வொரு பைட்டும் ஓர் எழுத்தாகக் கருதப்பட்டு மாற்றப்படும். தொகை சிதைந்துவிடும், திரும்பப் பெறவும் வழியிருக்காது. பைனரியாகவே எடுத்துவந்து, காப்பிபுக்கை வைத்துப் புலம் புலமாகப் பிரித்துப் படிப்பதே சரி. ஜாவா பக்கத்தில் அதைத் தோராயமாகச் சேமிக்கும் டபுள் வகையில் வைக்காமல், துல்லியமான பிக்டெசிமல் வகையில் வையுங்கள். ரவுண்டட் (முழுமையாக்கு) என்று எழுதப்படாத இடத்தில் கோபோல் மிஞ்சிய இலக்கங்களை வெட்டிவிடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். வட்டிக் கணக்கில் ஒரு சென்ட் வித்தியாசம் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

எழுத்துக்குறிகளிலும் இதே கவனம் வேண்டும். ஜெர்மன் மெயின்ஃபிரேம்களில், எப்சிடிக் எனும் மெயின்ஃபிரேம் எழுத்துக் குறியீட்டு முறையின் 273ஆம் குறியீட்டுப் பக்கம் வழக்கமானது. அமெரிக்க வழக்கம் 037. முன்னதில் D0 என்ற பைட் ‘ü’ என்ற எழுத்து. பின்னதில் அதுவே வலப்பக்க நெளி அடைப்புக்குறி. பக்கத்தைத் தவறாகக் குறித்தால், ‘Müller’ என்ற வாடிக்கையாளர் உங்கள் இணையப் பக்கத்தில் ‘M}ller’ ஆகிவிடுவார். எப்சிடிக் வரிசையில் எண்கள் எழுத்துகளுக்குப் பின்னால் வரும், மற்ற கணினிகளின் ஆஸ்கி முறையில் முன்னால் வரும். வரிசைப்படுத்திய இரண்டு கோப்புகளை ஒப்பிடும் நிரலைப் புதிய சர்வருக்கு மாற்றும்போது, பாதிப் பதிவுகள் பொருந்தாமல் போவது இதனால்தான்.

மொழியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வேலையோடு நேரடியாகப் பிணைந்தது. அலுவலகக் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடந்தாலும், நிரலில் இருக்கும் புலப் பெயர்கள் கே.டி.என்.ஆர். (வாடிக்கையாளர் எண்), கெப்டாட் (பிறந்த தேதி), பெட்ராக் (தொகை) என்று ஜெர்மனாகவே இருக்கும். ஒரு விதிவிலக்கு ஏன் சேர்க்கப்பட்டது என்ற விளக்கமும் ஜெர்மனில்தான் எழுதப்பட்டிருக்கும். அவற்றை எழுதியவர்கள் ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். அவர்கள் அருகில் அமர்ந்து, அவர்கள் மொழியில் கேளுங்கள். ஆவணத்தில் இல்லாத விதிகளை அவர்கள் மட்டுமே சொல்ல முடியும். ப்ளூ கார்டில் (உயர்தகுதிப் பணியாளருக்கான வசிப்பு அனுமதி) வந்தவர்களுக்கு நிரந்தர வசிப்புரிமை 27 மாதங்களில் கிடைக்கலாம் என்பதும், பி1 (இடைநிலை) அளவு ஜெர்மன் இருந்தால் 21 மாதங்கள் போதும் என்பதும் கூடுதல் பலன்.

எங்கே இணைப்பது என்ற கேள்விக்கு வருவோம். மெயின்ஃபிரேமின் 24 வரி, 80 எழுத்து கொண்ட 3270 முனையத் திரையை நிரலால் படித்து வேலை முடிக்கும் குறுக்குவழியை எவராவது முன்வைப்பார்; திரையில் ஒரு புலம் நகர்ந்தாலே அது முறிந்துவிடும் என்பதால், வேறு வழியே இல்லாதபோது மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். சி.ஐ.சி.எஸ். (மெயின்ஃபிரேமில் பரிவர்த்தனைகளை நடத்தும் மென்பொருள்) பரிவர்த்தனையை இசட்ஓஎஸ் கனெக்ட் எனும் இணைப்பு மென்பொருள் வழியாக, இணையச் சேவைகள் அழைக்கக்கூடிய ரெஸ்ட் ஏபிஐயாகத் திறப்பது நல்ல வழி. காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளுக்கு எம்க்யூ எனும் செய்தி வரிசை அதைவிட நல்லது. எதுவானாலும், பதில் வராததைத் தோல்வி என்று கொள்ளாதீர்கள். உங்கள் சேவை மூன்று விநாடியில் காத்திருப்பை நிறுத்திக்கொண்டாலும், மெயின்ஃபிரேம் நான்காம் விநாடியில் பணத்தைக் கழித்திருக்கலாம். மறுபடி அனுப்பினால் இரண்டு முறை கழியும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் பழைய பதிலையே திருப்பித் தரும்படி கோபோல் பக்கத்திலும் ஏற்பாடு செய்யுங்கள். செலவையும் பாருங்கள்: பல ஒப்பந்தங்களில் மென்பொருள் கட்டணம், நான்கு மணி நேர உருளும் சராசரிப் பயன்பாட்டின் மாத உச்சத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கைப்பேசிச் செயலியைத் திறக்கும் ஒவ்வொருவரின் இருப்புத்தொகையையும் நேரே மெயின்ஃபிரேமின் டிபி2 தரவுத்தளத்தில் கேட்டால் அந்த உச்சம் ஏறும். மாற்றங்களை மட்டும் காஃப்கா எனும் செய்தி ஓடை வழியாக வெளியே கொண்டுவந்து, படிப்பதற்கென ஒரு நகலை வைத்துக்கொள்வது மேல்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். போஸ்ட்பேங்கின் ஏறத்தாழ 1.2 கோடி வாடிக்கையாளர்களை டாய்ச்ச பேங்கின் அமைப்புக்கு மாற்றியபோது, 2023இல் வாடிக்கையாளர் சேவையில் பெரும் தேக்கம் ஏற்பட்டு, நிதிக் கண்காணிப்பு ஆணையமான பாஃபின் சிறப்புக் கண்காணிப்பாளரை நியமிக்க வேண்டியதாயிற்று. அந்த மாற்றம்கூடப் பல கட்டங்களாகத்தான் நடந்தது. பனையைச் சுற்றி ஆல் வளர்வதைப் போல, ஒரு பணியை வெளியே எடுத்து, சில மாதங்கள் இரண்டு பக்கமும் ஓடவிட்டு, முடிவுகளை ஒப்பிட்ட பிறகே பழையதை நிறுத்துவதுதான் நான் நம்பும் முறை.

இந்நாட்டுக்கே உரிய ஒன்றையும் அறிந்திருங்கள். பல சேவைகளைக் கடக்கும் ஒரு கோரிக்கையைப் பின்தொடர, எந்த ஊழியர் எப்போது எதைத் திறந்தார் என்பதை லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) பதிய விரும்புவீர்கள். ஊழியரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கக்கூடிய எந்தத் தொழில்நுட்பத்துக்கும் பெட்ரீப்ஸ்ராட் எனும் பணியாளர் மன்றத்தின் இசைவு தேவை. வடிவமைப்பின் தொடக்கத்திலேயே அவர்களிடம் காட்டுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய வாரம் காட்டினால் திட்டம் அங்கேயே நின்றுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணி ஒத்துவரவில்லை என்றால், தகுதிகாண் காலம் பெரும்பாலும் ஆறு மாதம் என்பதையும், அதற்குள் இரு தரப்பும் இரண்டு வார முன்னறிவிப்போடு விலகலாம் என்பதையும் அறிந்து முடிவெடுங்கள். ப்ளூ கார்டின் முதல் 12 மாதங்களுக்குள் வேலை மாறுவதாக இருந்தால், புதிய ஒப்பந்தத்தோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு, அதன் பிறகு மாறுங்கள்.