மாடி மல்லிக்கு ஊற்றுகிற தண்ணீர் நிற்கவே மாட்டேங்குது

இடம் வேலூர், மொட்டை மாடி, நிழலே கிடையாது. அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து க்ரோ பேக் குண்டுமல்லி மதியத்துக்குள் துவண்டுவிடுகிறது, மொட்டெல்லாம் கருகுது. 15 அங்குலப் பை; செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் சம அளவு.

ஊற்றும் தண்ணீர் பை ஓரமாகவே இறங்கி அடித்துளை வழியே ஓடிவிடுகிறது. விரலை விட்டுப் பார்த்தால் நடுவில் மண் பொடிப்பொடியாகக் காய்ந்திருக்கு.

50 சதவீத நிழல்வலை கட்டியாச்சு. சருகு மூடாக்கு போட்டாச்சு. காலை, மாலை இரண்டு வேளையும் ஊற்றியும் பார்த்தாச்சு.

வாங்குவது லாரித் தண்ணீர். இந்த வெயிலில் வேரைக் கலைக்காமல், காய்ந்துபோன இந்தக் கலவையை மறுபடி ஈரம் பிடிக்க வைப்பது எப்படி?